வீடு அடைசலாகிக் கிடந்தால்: அறிகுறியைப் பார்த்துக் கை வையுங்கள்

சொந்தக்காரர் வீடு, பக்கத்து வீடு, காலி செய்து வாடகைக்கு விட வேண்டிய வீடு என்று பரண் ஒழிக்கப் போய்ப் போய் ஒன்று தெளிவாகிவிட்டது. குவியல் எல்லா வீட்டிலும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். காரணம்தான் வீட்டுக்கு வீடு வேறு. அது தெரியாமல் சாக்குப்பையோடு இறங்கினால் அன்றைக்குச் சாயந்திரம் வீடு பளிச்சென்று ஆகிவிடும், அடுத்த பண்டிகைக்குள் பழையபடி நிரம்பிவிடும்.

வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. உங்கள் வீட்டில் எது நடக்கிறதோ அந்தத் தலைப்புக்குப் போங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில் இருக்கும், டாக்டரோ வேறு ஆளோ தேவைப்படுவது கடைசியில்.

எந்த அறிகுறியானாலும் முதலில் இந்த ஐந்து இடங்கள்

இங்கே எதையும் தூக்கிப் போட வேண்டாம், நகர்த்தினால் போதும். "எறியாதே" என்று சண்டை போடுகிறவர்கள்கூட "பாட்டி, ராத்திரி பாத்ரூம் போறப்ப கால் தடுக்கும், இதை மட்டும் அந்தப் பக்கம் வைக்கிறேன்" என்றால் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள்.

– அடுப்பையும் சிலிண்டரையும் சுற்றி இரண்டு முழத்துக்குள் பேப்பர், துணி, பிளாஸ்டிக் கவர் இருக்கக் கூடாது. கையை நீட்டினால் ரெகுலேட்டர் எட்ட வேண்டும். கேஸ் வாசனை வந்தால் சுவிட்சைத் தொடாமல், ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்து 1906-ஐ அழையுங்கள்.
– மெயின் சுவிட்ச், மீட்டர் பெட்டி, இன்வெர்ட்டர் பேட்டரி. இவற்றின் முன்னால் எதுவும் அடுக்கியிருக்கக் கூடாது.
– கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை ஓர் ஆள் நேராக நடக்கும் அகலத்துக்கு வழி. வாக்கர் வைத்து நடப்பவர் என்றால் வாக்கரின் அகலத்துக்கு. வயதானவர் விழுந்து இடுப்பு எலும்பு உடைந்தால் அதற்குப் பிறகு அந்த வீட்டின் பிரச்சினை சாமான் அல்ல.
– வாசல் கதவும் பின்கதவும் சுவரைத் தொடும்வரை திறக்க வேண்டும்.
– படுக்கிற இடத்துக்கு மேலே உள்ள பரணில் கிரைண்டர் கல், அண்டா, பித்தளைக் குடம் மாதிரி கனமானவை இருந்தால் கீழே இறக்குங்கள்.

ஒயரை எலி கடித்திருந்தாலோ, சுவிட்ச் போர்டு சூடாக இருந்தாலோ, கருகிய வாசனை வந்தாலோ எலக்ட்ரீஷியன் பார்த்த பிறகுதான் மற்ற வேலை.

இந்த ஐந்தையும் முதலில் வைத்ததற்குக் காரணம் உண்டு. சில வீடுகளில் ஒரு பொருளைக்கூட வெளியே அனுப்ப முடியாமல் போகலாம். அப்போதும் இவ்வளவு செய்துவிட்டால் அந்த வீட்டில் மனுஷர் ஆபத்தில்லாமல் வாழலாம். சாமான் குறைவது அதற்கு அடுத்த விஷயம்.

அறிகுறி 1: ஒழித்த இடம் ஒரே மாதத்தில் மறுபடி நிரம்புகிறது

*பொருளுக்கு இடம் இல்லையா?* சாப்பாட்டு மேஜைமேல் கிடப்பதில் கைக்கு வந்த ஏழெட்டுப் பொருளை எடுங்கள். ஒவ்வொன்றையும் காட்டி "இதோட இடம் எது?" என்று வீட்டில் இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கேளுங்கள். இரண்டு பேரும் இரண்டு பதில் சொன்னால் காரணம் இதுதான். சாவி, கரண்ட் பில், மாத்திரை, சார்ஜர், ஸ்கூல் டைரி ஆகியவற்றுக்கு ஆணியோ தட்டோ டப்பாவோ நிலையாக வையுங்கள். புது அலமாரி வாங்காதீர்கள். அலமாரி வாங்கிய வீடுகளில் அடைசல் அலமாரிக்குள்ளே போய்விட்டு, மிச்சம் அதன் தலைமேல் ஏறியதைத்தான் பார்த்திருக்கிறேன்.

*உள்ளே வருவது அதிகமா?* ஒரு வாரம் வாசலில் ஒரு நோட்டு வையுங்கள். வீட்டுக்குள் வருவதை எல்லாம் எழுதுங்கள்: ஜவுளிக்கடைக் கட்டைப்பை, தாம்பூலப்பை, ஆன்லைன் பார்சல் அட்டை, ஹோட்டல் பார்சல் டப்பா, "ஒண்ணு வாங்கினா ஒண்ணு ஃப்ரீ". வெளியே போனதையும் எழுதுங்கள். இரண்டு பக்கத்தையும் பார்த்தாலே பாதி விளங்கிவிடும். இந்த வகை அடைசலுக்கு ஒழிப்பது மருந்தில்லை, வாசலிலேயே நிறுத்துவதுதான். தாம்பூலப்பையில் தேங்காயை எடுத்துக்கொண்டு பையை அன்றைக்கே காய்கறி வாங்க எடுத்துப் போங்கள்.

*அடுத்தவர் சாமானா?* வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் பிள்ளைகளின் இன்ஜினீயரிங் புத்தகங்கள், சூட்கேஸ், பிரிக்காத சீர்ப் பாத்திரங்கள். பெற்றோர் பிள்ளைகளைக் கேட்கத் தயங்குவார்கள், பிள்ளைகளுக்கு அது அங்கே இருப்பதே நினைவிருக்காது. வீடியோ காலில் ஒவ்வொன்றாகக் காட்டி, "வேணும், வேணாம், அடுத்த தடவை வரப்போ எடுத்துக்கறேன்" என்று மூன்றில் ஒரு பதில் வாங்குங்கள். மூன்றாவது பதிலுக்கு மாதத்தையும் சேர்த்து எழுதிப் பெட்டிமேல் ஒட்டிவிடுங்கள்.

மூன்றும் இல்லை, ஆனாலும் நிரம்புகிறது என்றால் அறிகுறி 3-க்குப் போங்கள்.

அறிகுறி 2: காகிதம்

துணியையும் பாத்திரத்தையும் விடக் காகிதம்தான் கஷ்டம். ஒவ்வொரு தாளும் "என்னைப் படி" என்று கேட்கும். படிக்க உட்கார்ந்தால் அன்றைய வேலை முடிந்தது. அதனால் முதல் சுற்றில் படிக்காதீர்கள். வடிவத்தைப் பார்த்து மட்டும் பிரியுங்கள்: முத்திரைத்தாள் ஒரு பக்கம், பாஸ்புக் ஒரு பக்கம், ஆஸ்பத்திரிக் காகிதம் ஒரு பக்கம், மற்றதெல்லாம் ஒரு பக்கம்.

எக்காரணத்தாலும் போடக் கூடாதவை: கிரயப் பத்திரமும் அதற்கு முந்தைய மூலப் பத்திரங்களும், பட்டா, வில்லங்கச் சான்று, வீட்டு வரி ரசீது, பென்ஷன் ஆணை, இன்சூரன்ஸ் பாலிசி, பிறப்பு இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, கல்விச் சான்றிதழ்களின் அசல். இவை ஒரே பெட்டியில் இருக்கட்டும். பத்திரத்தை லேமினேட் செய்யாதீர்கள். பின்னால் முத்திரையையும் கையெழுத்தையும் சரிபார்க்கச் சிரமமாகும்.

நின்று பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று, பழைய பாஸ்புக், எஃப்டி ரசீது. 10 வருஷம் யாரும் தொடாத டெபாசிட் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும். ஆனால் உரியவரோ வாரிசோ கேட்டால் வங்கி அதைத் திருப்பித் தர வேண்டும். 2023-இல் ரிசர்வ் வங்கி தொடங்கிய உத்கம் இணையதளத்தில் பெயரைப் போட்டுத் தேடலாம். இன்னொன்று, காகிதமாக இருக்கும் பழைய ஷேர் சான்றிதழ். டீமேட் ஆக்காததால், அதாவது கணினிக் கணக்குக்கு மாற்றாததால், அது செல்லாக் காசாகிவிடாது. தாத்தா பெயரில் இருந்தாலும் வாரிசு மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது.

ஆஸ்பத்திரிக் காகிதத்தில் ஆபரேஷன் விவரம், டிஸ்சார்ஜ் சம்மரி, பயாப்ஸி, இதயம் சம்பந்தப்பட்ட ரிப்போர்ட் ஆகியவற்றை வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண ரத்தப் பரிசோதனைச் சீட்டில் கடைசி ஒன்றிரண்டு போதுமா என்று பார்க்கிற டாக்டரையே கேளுங்கள். ஏடிஎம் சீட்டு மாதிரி வழுவழுப்பான ரசீதுகளில் எழுத்து தானாக மங்கிவிடும். கேரண்டிக்கு வேண்டுமானால் இன்றைக்கே ஜெராக்ஸ் எடுங்கள். ஆதார் எண், கணக்கு எண் உள்ள தாளைக் கிழித்த பிறகே பேப்பர்காரருக்குப் போடுங்கள்.

*பயத்தினால் வைத்திருக்கிறாரா?* "இது தொலைஞ்சா மறுபடி எங்கே வாங்கலாம்?" என்று ஒவ்வொரு வகைக்கும் சேர்ந்து பதில் தேடுங்கள். கரண்ட் பில் ஆன்லைனில் இருக்கிறது, வங்கி விவரம் கிளையில் கிடைக்கும் என்று தெரிந்ததும் பிடி தளரும். ரிட்டயர் ஆன அரசு ஊழியர்களிடம் இது நன்றாகப் பலிக்கும். அவர்கள் வாழ்நாள் முழுக்க ஒரு தாள் இல்லாததால் ஒருவருடைய பென்ஷன் நின்றதைப் பார்த்தவர்கள். அவர்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. அதை மதித்துப் பேசினால் அவர்களே கட்டுக் கட்டாக எடுத்துக் கொடுப்பார்கள்.

*அப்படியும் ஒரு செய்தித்தாளைக்கூட விட முடியவில்லையா?* "படிச்சிட்டுப் போடறேன்" என்று வைத்தது கூரை முட்டி நிற்கிறது, தொட்டால் கை நடுங்குகிறது என்றால் இது காகிதப் பிரச்சினை இல்லை. அறிகுறி 4-ஐப் பாருங்கள்.

அறிகுறி 3: கை வைத்தாலே சண்டை, போட்டதைத் திரும்ப எடுத்து வருகிறார்

அதிகமாகக் கேட்கப்படுவது இதுதான். அதிகமாகக் கெடுக்கப்படுவதும் இதுதான்.

*முன்பு யாராவது கேட்காமல் எறிந்தார்களா?* முதலில் இதை விசாரியுங்கள். அம்மாவைக் கோயிலுக்கு அனுப்பிவிட்டு, அப்பாவை ஊருக்கு அனுப்பிவிட்டு வீட்டை ஒழித்த வரலாறு இருந்தால் இப்போதைய பிடிவாதத்துக்கு அதுவே காரணமாக இருக்கலாம். அதற்குப் பிறகு அவர்கள் ஒவ்வொரு பொருளையும் காவல் காப்பார்கள், பழையதற்கு ஈடாகப் புதிதாகவும் சேர்ப்பார்கள். சரிசெய்ய ஒரே வழி, "இனிமே உங்களைக் கேக்காம ஒரு துரும்புகூட வெளியே போகாது" என்று சொல்வது. சொன்னதைக் காப்பாற்றவும் வேண்டும். சில வாரம் ஒன்றும் குறையாது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

*பணமோ நகையோ உள்ளே இருக்கிறதா?* வெளியே சொல்ல மாட்டார்கள், ஆனால் நிறைய வீடுகளில் உண்மை. பட்டுப்புடவை மடிப்பு, பருப்பு டப்பாவின் அடி, தலையணை உறை, சாமி படத்தின் பின்பக்கம், காலண்டர் அட்டைக்குள், பழைய கைப்பை. எந்த மூட்டையும் பிரித்து உதறாமல் வெளியே போகக் கூடாது. அவர் கண் முன்னாலேயே உதறுங்கள். 2016 நவம்பரில் செல்லாது என்று அறிவித்த 500, 1000 ரூபாய் நோட்டு கிடைத்தால் மாற்ற வழியில்லை. நினைவுக்கு ஒன்றிரண்டு வைத்துக்கொள்ளலாம், பத்துக்கு மேல் வைத்திருப்பது சட்டப்படி தவறு. 2000 ரூபாய் நோட்டு அப்படியல்ல. புழக்கத்திலிருந்து திரும்பப் பெற்றாலும் மதிப்பு இருக்கிறது, ரிசர்வ் வங்கியின் சென்னை அலுவலகம் வழியாக மாற்றலாம்.

*இறந்தவர் சாமானா?* கணவரின் சட்டை, மூக்குக்கண்ணாடி, அவர் உட்கார்ந்த ஈஸி சேர். முதல் வருஷத் திதி முடியும்வரை இதைத் தொடவே வேண்டாம். பிறகும் அவர்களாக எடுத்துக் கொடுக்கட்டும்.

*உபயோகம் என்று நம்புகிறாரா?* இங்கே கேள்வியை மாற்றினால் வேலை நடக்கும். "இது எதுக்கு இன்னும்?" என்று கேட்டால் அதற்குப் பத்து உபயோகம் வரும், அத்தனையும் உண்மையாகவே இருக்கும். ஒரு வீட்டுச் சமையலறையில் ஐஸ்கிரீம் டப்பாக்கள் மேல்தட்டு முழுக்க ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி நின்றன. மருமகள் அதைப் பற்றிப் பேச்செடுத்தாலே மாமியார் முகம் சிவந்துவிடும். அன்றைக்கு மருமகள் வேறு மாதிரி ஆரம்பித்தாள்.

"அத்தை, இதுக்கெல்லாம் மூடி இருக்கா? சேர்த்துப் பாக்கலாமா?"

இருவரும் தரையில் உட்கார்ந்து மூடி பொருத்தினார்கள். விளிம்பு உடைந்தது, வெயிலில் வளைந்தது, மஞ்சள் கறை பிடித்து உள்ளே பிசுபிசுத்தது என்று மூடி சேராதவை ஒரு குவியலாக நின்றன. மாமியார் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"மூடி இல்லாததுல என்னத்தை வச்சுக் குடுக்கறது? அதெல்லாம் போட்ரு."

"மூடி இருக்கறதுல எத்தனை வேணும் அத்தை? நீங்களே சொல்லுங்க."

"யாராவது வந்தா சாம்பார் குடுத்துவிட வேணாமா? ஒரு பன்னெண்டு இருக்கட்டும்."

பன்னிரண்டு என்று சொன்னது மாமியார். அதனால்தான் அது நிலைத்தது. இந்த முறை எதற்கும் பொருந்தும்: ஜோடி சேராத செருப்பு, மூடியில்லாத ஃபிளாஸ்க், எந்த போனுக்கும் பொருந்தாத சார்ஜர். எதை வைக்க வேண்டும் என்று அவர் சொல்லட்டும், தூக்கிச் செல்வது மட்டும் உங்கள் வேலை. உட்காருவது அரை மணி நேரம். முடிவெடுக்க எடுக்க மனது களைத்துவிடும், களைத்தவர் எல்லாவற்றையும் "இருக்கட்டும்" என்பார். காலாவதியான மாத்திரை, ஓட்டை வாளி, காய்ந்த நெயில் பாலிஷ் என்று மனசு ஒட்டாததில் ஆரம்பியுங்கள். போட்டோவும் புடவையும் கடைசி. முடிவு வராததை ஒரு பெட்டியில் போட்டு, தேதி எழுதி, அடுத்த ஆயுத பூஜைக்குப் பாருங்கள்.

இவ்வளவு மரியாதையாகக் கேட்டும் ஒவ்வொரு பொருளுக்கும் அழுகையும் நடுக்கமும் வருகிறது, உடைந்த டப்பாவைக்கூட விட முடியவில்லை என்றால் அடுத்த தலைப்புக்குப் போங்கள்.

அறிகுறி 4: அறை அதன் வேலைக்குப் பயன்படவில்லை

கட்டில்மேல் சாமான், ஆள் தரையில் படுக்கிறார். சமையல் மேடை நிரம்பி, சாப்பாடு கடையிலிருந்து வருகிறது. பாத்ரூமில் வாளி வைக்க இடமில்லை. யாரும் வீட்டுக்கு வரக் கூடாது என்று சொந்தக்காரரைத் தவிர்க்கிறார்.

இதோடு, பயன்படுமோ படாதோ எதையும் விட முடியாமல் இருப்பதும், விடச் சொன்னால் தாங்க முடியாத வேதனை வருவதும், இது வருஷக்கணக்காக நடப்பதும் சேர்ந்தால் இது சோம்பலும் இல்லை, கஞ்சத்தனமும் இல்லை. பொருளைக் குவிக்கும் மனநலக் கோளாறாக இருக்கலாம். அமெரிக்க மனநல மருத்துவர்கள் 2013-இல் இதைத் தனி நோயாகப் பட்டியலில் சேர்த்தார்கள். உலக சுகாதார அமைப்பின் 2022 முதல் நடைமுறையில் உள்ள பட்டியலிலும் இது உண்டு. பொம்மை, ஸ்டாம்ப், பழைய ரேடியோ சேகரிப்பவர்களை இதில் சேர்க்காதீர்கள். அவர்கள் சாமான் ஒழுங்கில் இருக்கும், வீடு வீடாகவே இருக்கும்.

*இங்கே நிறுத்த வேண்டிய இடம்:* ஆள் பிடித்து மொத்தமாகக் காலி செய்யாதீர்கள். லாரி வைத்து அள்ளிய வீடு மீண்டும் நிரம்பும், அதற்குள் உறவு முறிந்துபோகும். ஐந்து இடங்களை மட்டும் காப்பாற்றிக்கொண்டு மனநல மருத்துவரைப் பாருங்கள்.

எங்கே போவது: மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தில் டாக்டர்கள் இருக்கிறார்கள். முதலில் பேசிப் பார்க்க அரசின் மனநல உதவி எண் 14416, இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். "கீழ்ப்பாக்கத்துக்கா கூட்டிட்டுப் போற?" என்ற பயம் பலருக்கு உண்டு. தூக்கமில்லை, படபடப்பு, மனசு சரியில்லை என்று அவர்களே சொல்லும் குறை ஒன்று இருக்கும். அதற்காகப் போகலாம் என்று அழைத்தால் வருவார்கள். வீட்டின் நிலையை அவர்கள் சம்மதத்தோடு போனில் படம் எடுத்துக்கொண்டு போங்கள். வார்த்தையில் சொன்னால் குறைத்துத்தான் சொல்ல வரும்.

இதற்கென்றே தனி மாத்திரை கிடையாது. பேசிப் பழக்கும் சிகிச்சைதான் முக்கியம்: பிரித்துப் பார்க்கவும், விடவும், புதிதாகக் கொண்டு வராமல் இருக்கவும் கொஞ்சம் கொஞ்சமாகப் பயிற்சி. மாதக்கணக்கில் ஆகும். கூடவே மனச்சோர்வோ, ஒரே எண்ணம் திரும்பத் திரும்ப வந்து வாட்டும் எண்ணச் சுழற்சி நோயோ (ஓசிடி) இருந்தால் அதற்கு மருந்து தருவார்கள். அது குறைந்தாலே வீட்டில் ஒரு மாற்றம் தெரியும்.

அறிகுறி 5: இதுவரை இல்லாத பழக்கம், திடீரென்று

60, 65 வயதுக்கு மேல், வாழ்நாள் முழுக்கச் சுத்தமாக இருந்தவர் தெருவில் கிடப்பதை எடுத்து வருகிறார், கெட்டுப்போன சாப்பாட்டை ஒளித்து வைக்கிறார், குளிப்பதில்லை, கூச்சமில்லாமல் பேசுகிறார், வழி மறக்கிறார். இதில் எளிய காரணம் தேடி நேரம் கடத்தாதீர்கள். மறதி நோயின் சில வகைகள், சின்னப் பக்கவாதம், தலையில் பட்ட அடி ஆகியவை இப்படித் தொடங்கலாம். நரம்பியல் டாக்டரைப் பாருங்கள். தைராய்டு, பி12 குறைபாடும் சேர்த்துப் பரிசோதிப்பார்கள், அவை மருந்தில் சரியாகக் கூடியவை. ஒரு பக்கம் கை கால் இழுத்தாலோ பேச்சு குழறினாலோ அன்றைக்கே, அந்த நிமிஷமே 108.

அறிகுறி 6: எலி, கரையான், கொசு, நாற்றம்

மருந்தடிக்க ஆளைக் கூப்பிடுவது கடைசிப் படி. குவியல் இருக்கும்வரை மருந்து உள்ளே போகாது.

கரையான் சுவரோரக் காகிதக் கட்டு, அட்டைப்பெட்டி வழியாக ஏறும். எல்லாவற்றையும் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள். சுவரில் மண் கோடு தெரிந்தால் ஆளைக் கூப்பிடுங்கள், கதவு நிலைக்குப் போய்விட்டால் செலவு பல மடங்கு.

எலிப் புழுக்கையைக் காய்ந்த நிலையில் பெருக்காதீர்கள். கையுறை போட்டு, பிளீச்சிங் தண்ணீர் தெளித்து ஊறவிட்டு, துணியால் வழித்து எடுங்கள். ஒழித்த பிறகு ஓரிரு வாரத்தில் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால் எலி இருந்த இடத்தில் வேலை செய்ததை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

மொட்டை மாடியில் கிடக்கும் டயர், உடைந்த வாளி, பூந்தொட்டித் தட்டு ஆகியவைதான் டெங்குக் கொசுவின் வீடு. முட்டை காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், மழைத் தண்ணீர் பட்டதும் பத்து நாளுக்குள் கொசுவாகிவிடும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால், அதாவது அக்டோபருக்குள், மாடியை முடித்துவிடுங்கள். கவிழ்த்து வைத்தால் போதாது, உள்பக்கம் தேய்த்துக் கழுவ வேண்டும்.

துணி மூட்டையில் அந்துருண்டை போட்டிருந்தால், அதைத் துவைத்து வெயிலில் காயவைக்காமல் கைக்குழந்தைக்குப் பக்கத்தில் கொண்டுவராதீர்கள். சில குழந்தைகளுக்கு அதனால் ரத்த அணுக்கள் சிதையும்.

ஒழித்ததைப் போகி அன்று கொளுத்தவும் வேண்டாம். டயரும் பிளாஸ்டிக்கும் எரிந்தால் தெரு முழுக்க மூச்சுத் திணறும். காகிதம், இரும்பு, பிளாஸ்டிக் காயலான் கடைக்கு. உடுத்தக்கூடிய துணி துவைத்து மடித்து, கேட்டுவிட்டு, தேவைப்படுபவர்களுக்கு. பழைய மாத்திரை, பேட்டரி, டியூப் லைட் தனிப் பையில், என்னவென்று சொல்லித் தூய்மைப் பணியாளரிடம்.

பெற்றோர் தனியாக இருக்கிறார்கள், நீங்கள் வெளியூரில் இருக்கிறீர்கள், போனில் "எல்லாம் நல்லா இருக்கு" என்றுதான் சொல்கிறார்கள் என்றால், அடுத்த வீடியோ காலில் "அம்மா, அடுப்பைக் காட்டு, பாத்ரூம் வழியைக் காட்டு" என்று கேளுங்கள். காட்ட மறுத்தால் ஊருக்குக் கிளம்புங்கள். உடனே போக முடியாவிட்டால் முதியோர் உதவி எண் 14567-இல் பேசி, அந்தப் பகுதியில் என்ன உதவி கிடைக்கும் என்று கேளுங்கள்.